ஏற்காட்டு மொட்டைமாடியிலிருந்து நட்சத்திரக் காற்றை அளப்பது எப்படி?

சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அதோடு போகும் பொருள் மிகக் கொஞ்சம், பல நூறு கோடி ஆண்டு வீசினாலும் சூரியன் இளைத்தது தெரியாது. சூரியனைவிட இருபது, முப்பது மடங்கு எடையுள்ள வெப்ப நட்சத்திரங்களின் கதை வேறு. ஜீட்டா பப்பிஸ் என்றொரு நட்சத்திரம், இன்னொரு பெயர் நாவோஸ். மேற்பரப்பு வெப்பம் சுமார் 40,000 டிகிரி. அதன் காற்று நொடிக்கு 2,250 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரு பூமியின் எடை அதிலிருந்து கரைந்து போகிறது. போகிற வழியில் அந்தக் காற்று எக்ஸ் கதிரையும் கக்குகிறது.

இதைப் பற்றிப் படித்தால் மட்டும் போதாது, கையாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் புதியவர்களுக்கு இந்தக் கட்டுரை. இரண்டு வேலை செய்யப் போகிறோம். ஏற்காட்டில் ஒரு கேமராவை வைத்து, இப்படிப்பட்ட நட்சத்திரம் ஒன்றின் காற்று வேகத்தை நாமே அளப்பது முதல் வேலை. இன்னொன்றின் எக்ஸ் கதிரை வீட்டில் உட்கார்ந்து ஆராய்வது இரண்டாவது. தொலைநோக்கி வேண்டாம். கழற்றி மாட்டும் லென்ஸ் உள்ள கேமரா, 50 மி.மீ. லென்ஸ், டிரைபாட், மில்லிமீட்டருக்கு 500 கோடுள்ள கிரேட்டிங் பிலிம் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் தாள்) ஒரு துண்டு இருந்தால் சரி. பள்ளி அறிவியல் சாமான் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் அந்த பிலிம் கிடைக்கும். செல்போனில் முயன்றால் இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் வரை சமாளிக்கலாம், நாம் தேடும் நட்சத்திரத்துக்கு அது பற்றாது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வானத்தில் இந்த வகை நட்சத்திரங்களில் பிரகாசமானவை பலவும் தெற்கே கிடக்கின்றன. லண்டனில் இருப்பவருக்கு ஜீட்டா பப்பிஸ் உதிப்பதே இல்லை. நாம் குறிவைக்கும் காமா வேலோரம் டெல்லியில் அடிவானத்திலிருந்து 14 டிகிரி எழும்புவதற்குள் இறங்கிவிடும். ஏற்காட்டில் அது 31 டிகிரி உயரத்துக்கு வரும்.

எப்போது, எங்கே

தை தொடக்கத்திலிருந்து பங்குனி வரை, அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். காமா வேலோரம் தெற்கே உச்சிக்கு வரும் நேரம்: ஜனவரி நடுவில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணி, பிப்ரவரி நடுவில் இரவு பத்தே முக்கால், மார்ச் நடுவில் ஒன்பது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மார்ச்தான் தோது. பிள்ளைகள் தூங்குவதற்கு முன் வேலை முடிந்துவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் லேடீஸ் சீட்டுக்குத்தான் போகச் சொல்வார்கள். சேலம் ஊர் விளக்குகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதனாலேயே நட்சத்திரத்துக்கு அது உதவாது. சேலம் ஏற்காட்டுக்குத் தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து இருக்கிறது. அந்த வெளிச்சம் தென்மேற்கு அடிவானத்தை முழுசாக விழுங்கிவிடும். தென்கிழக்கு திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள்: குப்பனூர் இறங்கும் சாலைப் பக்கமோ, ஊரைத் தாண்டிய ஏதாவது எஸ்டேட் தங்கும் விடுதியின் மாடியோ. நட்சத்திரம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே படம் எடுக்கத் தொடங்கினால், சேலத்து வெளிச்சத்துக்குள் போவதற்கு முன் பிடித்துவிடலாம்.

சாலையோரத்தில் டிரைபாட் விரிக்க வேண்டாம். சேர்வராயன் மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, இருட்டில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. மாடிதான் நல்லது. விடுதிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணே, ஒரு ஒன்றரை மணி நேரம் மாடி லைட்டை மட்டும் அணைச்சுடுங்க, மத்தது எரியட்டும்” என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். என்ன செய்கிறீர்கள் என்று பார்க்க அவரும் மேலே ஏறி வருவார், அதற்கும் தயாராக இருங்கள்.

கண்ணால் அடையாளம் காண்பது

முதலில் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம். திருவாதிரை நட்சத்திரம் நமக்குப் பழக்கமானது, செம்மஞ்சளாக இருக்கும். அதன் பக்கத்தில் நேர்க்கோட்டில் நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் நீலம் தோய்ந்த வெள்ளை. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். திருவாதிரை பூதம்போல் ஊதிப் பெருத்தது, ஆனால் மேற்பரப்பு குளிர்ந்தது. அதன் காற்று நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் நகரும். அந்த மூன்றும் வெப்ப நட்சத்திரங்கள், அவற்றின் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகம். இந்தக் காற்று முதலில் தெளிவாகப் பிடிபட்டதும் இங்கேதான். புற ஊதாக் கதிர் தரைக்கு வராது என்பதால் டொனால்ட் மார்ட்டன் குழுவினர் ராக்கெட்டில் கருவியை ஏற்றி அனுப்பினார்கள். ஓரியனின் இந்த நட்சத்திரங்களிலிருந்து நம்மை நோக்கிப் பொருள் பாய்ந்து வரும் தடயத்தைக் கண்டு, 1967இல் வெளியிட்டார்கள்.

அப்புறம் தெற்கே திரும்புங்கள். சிரியஸுக்குக் கீழே தனியாக மின்னும் பெரிய நட்சத்திரம் அகத்தியர். அங்கிருந்து இடப்பக்கம், அதாவது கிழக்கே, கையை நீட்டி முஷ்டியை மடக்கி இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக, கொஞ்சம் மேலேறிப் பாருங்கள். அங்கே பளிச்சென்று நிற்பதுதான் காமா வேலோரம். அதற்கு முக்கால் முஷ்டி மேலே ஜீட்டா பப்பிஸ். பைனாகுலர் இருந்தால் காமா வேலோரத்தின் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் ஒட்டி நிற்பது தெரியும். அது தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

பிரகாசமான அந்த ஒற்றைப் புள்ளியே உண்மையில் இரண்டு நட்சத்திரம். ஒன்று சாதாரண வெப்ப நட்சத்திரம். மற்றது வுல்ஃப்-ராயே வகை, தன் மேலுறையைக் காற்றாகவே ஊதித் தள்ளிவிட்டு உள்கூட்டோடு நிற்பது. பாரிஸ் வான்நோக்ககத்தில் வுல்ஃப், ராயே என்ற இருவர் 1867இல் இப்படிப்பட்ட நட்சத்திரங்களை முதலில் கண்டதால் அந்தப் பெயர். காமா வேலோரத்தின் இரண்டும் 78.5 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுச் சொன்னவர்களில் கணேஷும் வைணு பாப்புவும் உண்டு. 1967இல் கொடைக்கானல் வான்நோக்ககத்தின் வெளியீடாக வந்த கட்டுரை அது. ஆக, பழனி மலையிலிருந்து ஆராய்ந்த நட்சத்திரத்தைத்தான் நாம் சேர்வராயன் மலையிலிருந்து படம் பிடிக்கப் போகிறோம்.

நிறமாலையைப் படம் பிடிப்பது

கிரேட்டிங் பிலிமை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, லென்ஸின் முன்பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுப் பொருத்துங்கள். விரல் ரேகை படக் கூடாது. இப்போது நட்சத்திரத்தைப் பார்த்தால் ஒரு புள்ளியும், அதிலிருந்து தள்ளி ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஒரு நீண்ட கோடும் விழும். அந்தக் கோடுதான் நிறமாலை.

கோடு மெல்லியதாக இருந்தால் அதில் எதையும் படிக்க முடியாது, பட்டையாக வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் தானாகவே நகர்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உச்சிக்கு அருகே தெற்கு நட்சத்திரம் அடிவானத்துக்கு இணையாக, இடமிருந்து வலமாக நகரும். கிரேட்டிங் கோடுகளும் அதே திசையில் இருக்குமாறு திருப்பினால் நிறமாலை மேலும் கீழுமாக விழும். நட்சத்திரத்தின் நகர்வு அதைப் பக்கவாட்டில் அகலப்படுத்தும். எனவே கேமராவை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நட்சத்திரத்தைப் படத்தின் கீழ் விளிம்பருகே வையுங்கள். மேலே நிறமாலைக்கு இடம் கிடைக்கும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். திரையில் பெரிதாக்கி, சிரியஸின் நிறமாலை எவ்வளவு மெல்லிய கோடாக வருகிறதோ அதுவரை ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். லென்ஸ் 2.8இல், ஐ.எஸ்.ஓ. 800இல் இருக்கட்டும். 20 முதல் 30 நொடி வரை திறப்பு. ரா கோப்பாகச் சேமியுங்கள். பத்துப் படமாவது எடுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஏற்காட்டுப் பனி கிரேட்டிங்கில் இறங்கினால் படம் மங்கிவிடும், ஆனால் அந்த பிலிமைத் துடைக்கவும் முடியாது. இடைவேளையில் துணியைப் போட்டு மூடி வைப்பதுதான் வழி.

முதலில் சிரியஸ், அப்புறம் காமா வேலோரம், நேரம் இருந்தால் ஜீட்டா பப்பிஸ். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கும். சிரியஸின் வானவில் பட்டையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஹைட்ரஜன் ஒளியை விழுங்கிய இடங்கள். காமா வேலோரத்தில் நேர்மாறு. பட்டையின் நீலப் பகுதியில் ஒரு தடித்த ஒளிக்கட்டு, மஞ்சளில் அடுத்தடுத்து இரண்டு. இவை கார்பனும் ஹீலியமும் தாமே எரிந்து காட்டும் வெளிச்சம். நட்சத்திரத்தின் மேற்பரப்பு அங்கே தெரிவதே இல்லை. அவ்வளவு அடர்த்தியான காற்று. நீங்கள் படம் பிடித்திருப்பது அந்தக் காற்றைத்தான்.

ஜீட்டா பப்பிஸ் ஏமாற்றம் தரும். இந்தக் கருவியில் அது வெறும் பட்டையாகவே தெரியும். காற்று இல்லாமல் இல்லை, காமா வேலோரம் அளவுக்கு அடர்த்தி இல்லை, அவ்வளவுதான். அதை வேறு வழியில் பிடிப்போம்.

வேகத்தைக் கணக்கிடுவது

ரா கோப்பை டிஃப் ஆக மாற்றி, இலவச மென்பொருளான இமேஜ்ஜேயில் திறங்கள். நிறமாலை கிடைமட்டமாக வரும்படி படத்தைச் சுழற்றி, பட்டையைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து ‘பிளாட் புரொஃபைல்’ கொடுத்தால் ஒளியின் ஏற்ற இறக்கம் வரைபடமாக வரும்.

அளவுகோல் சிரியஸிலிருந்து கிடைக்கும். அதன் கறுப்புக் கோடுகளில் மூன்றின் அலைநீளம் 434.0, 486.1, 656.3 நானோமீட்டர். கடைசிக் கோடு கொஞ்சம் மங்கலாக இருக்கும், பல கேமராக்கள் அந்தச் சிவப்பை வடிகட்டிவிடும். நட்சத்திரப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு கோடும் எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்று குறித்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பது வந்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் பெரும்பாலும் 0.15 நானோமீட்டரைச் சுற்றி இருக்கும். அதே அளவுகோலைக் காமா வேலோரத்தின் படத்தில் வைத்தால் ஒளிக்கட்டுகள் 465, 569.6, 580 நானோமீட்டர் அருகே வர வேண்டும். ஒன்றிரண்டு நானோமீட்டர் பிசகினால் கவலை வேண்டாம்.

நமக்கு வேண்டியது 569.6. நீலக்கட்டில் கார்பனும் ஹீலியமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 580இல் இரண்டு கோடுகள் ஒட்டிக் கிடக்கின்றன. 569.6 மட்டும் தனிக்கோடு. அதன் அடிப்பகுதி இடப்பக்க விளிம்பிலிருந்து வலப்பக்க விளிம்பு வரை எவ்வளவு அகலம் என்று அளந்து, அதிலிருந்து அதே திசையில் நட்சத்திரப் புள்ளியின் அகலத்தைக் கழித்துவிடுங்கள். அது லென்ஸ் தந்த மங்கல். மிச்சத்தில் பாதிதான் கணக்குக்கு. நம்மை நோக்கி வரும் காற்று கோட்டை நீலப்பக்கம் இழுக்கிறது, நம்மைவிட்டுப் போகும் காற்று சிவப்புப்பக்கம் இழுக்கிறது, அதனால்தான் கோடு கட்டாக அகன்றது. அந்தப் பாதியை 569.6ஆல் வகுத்து 3,00,000ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். பாதி அகலம் 2.8 நானோமீட்டர் என்றால் 1,475 கிலோமீட்டர். பெரிய தொலைநோக்கிகள் சொல்லும் எண்ணும் 1,500ஐ ஒட்டித்தான் இருக்கிறது. உங்களுக்கு 1,200 வந்தாலும் 1,900 வந்தாலும் முதல் தடவைக்கு அது நல்ல அளவுதான். ஐந்தாயிரம் வந்தால் ஃபோகஸைப் பாருங்கள்.

காற்றைத் தள்ளுவது எது?

ஒளிதான். இவ்வளவு வெப்பமான நட்சத்திரத்தின் ஒளியில் பெரும்பகுதி புற ஊதா. கார்பன், நைட்ரஜன், இரும்பு போன்றவற்றின் அயனிகள் (எலக்ட்ரான் இழந்த அணுக்கள்) அந்த ஒளியைக் குறிப்பிட்ட அலைநீளங்களில் விழுங்கும்போது உந்துதல் கிடைக்கிறது. உந்தப்பட்ட அயனி வேகமெடுத்ததும் அதன் விழுங்கும் அலைநீளம் நகர்கிறது. வேகத்தால் அலைநீளம் மாறும் இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். கீழே உள்ளவை இன்னும் தொடாத புது ஒளி அதற்குக் கிடைக்கிறது, மறுபடி உந்துதல். லூசி, சாலமன் இருவரும் 1970இலும், காஸ்டர், ஆபட், க்ளைன் மூவரும் 1975இலும் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள்.

இந்த உந்துதலில் ஒரு கோளாறு உண்டு. காற்றின் ஒரு கொத்து தற்செயலாகச் சற்று வேகமெடுத்தால், அதற்குப் புது ஒளி கூடுதலாகக் கிடைத்து இன்னும் வேகமெடுக்கும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் முக்கி முக்கி ஏறும் பஸ்ஸின் பின்னால் பைக்கை முறுக்கிக்கொண்டு வருகிறவன்போல, வேகக் கொத்து முன்னால் போகும் மந்தக் கொத்தில் போய் மோதுகிறது. நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் மோதினால் வாயு சில பத்து லட்சம் டிகிரிக்குச் சூடாகும். அங்கிருந்து வருவதுதான் எக்ஸ் கதிர். நட்சத்திரத்தின் மொத்த ஒளியில் அது சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு. 1978இல் ஏவிய ஐன்ஸ்டைன் செயற்கைக்கோள் சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் வேறொரு எக்ஸ் கதிர் மூலத்தைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருந்த வெப்ப நட்சத்திரக் கூட்டமும் எக்ஸ் கதிரில் பளிச்சிட்டது. இந்த ஆராய்ச்சி அப்படித்தான் சூடுபிடித்தது.

வீட்டிலிருந்து எக்ஸ் கதிர்

வளிமண்டலம் எக்ஸ் கதிரைத் தரைக்கு விடாது, ஏற்காடு என்ன, எவரெஸ்டில் ஏறினாலும் பயனில்லை. செயற்கைக்கோள் எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் தரவுதான் வழி. செலவும் இல்லை.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஈசாஸ்கை என்ற தளத்தை உலாவியில் திறந்து, ஜீட்டா பப்பிஸ் பெயரைத் தட்டி, எக்ஸ்.எம்.எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் படத்தைத் தேர்ந்தெடுங்கள். மாடியில் பார்த்த அதே நட்சத்திரம் எக்ஸ் கதிரில் எப்படி இருக்கிறது என்று தெரியும். இது ருசி பார்க்க மட்டும். சரக்கு இருப்பது நிறமாலையில். நம்மூர்க்காரர் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999இல் மேலே போன சந்திரா தொலைநோக்கியின் கிரேட்டிங் நிறமாலைகளைத் தொகுத்து வைத்திருக்கும் டி.ஜி.கேட் என்ற தளத்தில் இந்த நட்சத்திரத்தைத் தேடினால், தயார் நிலையில் வரைபடம் வரும்.

அங்கே அலைநீளம் ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும், அதாவது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 12.13இல் நியான், 15.01இல் இரும்பு, 18.97இல் ஆக்சிஜன் கோடுகளைத் தேடுங்கள். 15.01 அருகே பெரிதாக்கிப் பாருங்கள். 2,250 கிலோமீட்டர் வேகத்துக்குக் கோடு எவ்வளவு விரியலாம்? ஏற்காட்டில் போட்ட அதே கணக்குத்தான்: 15.01ஐ 2,250ஆல் பெருக்கி 3,00,000ஆல் வகுத்தால் 0.11 ஆங்ஸ்ட்ராம். கோடு அந்த எல்லைக்குள் அகன்றிருக்கும். இப்போது கோட்டின் உச்சி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். 15.01க்கு நேராக இருக்காது, நீலப்பக்கம் தள்ளி இருக்கும். சிவப்புப்பக்கம் சரிந்து மெலிந்து போயிருக்கும்.

என் பார்வையில் இந்தத் துறையிலேயே அழகான விஷயம் இந்தச் சாய்வுதான். நட்சத்திரத்துக்கு அப்பால் நம்மைவிட்டு விலகிப் போகும் காற்றின் எக்ஸ் கதிர் நம்மை வந்துசேர வேண்டுமானால் நடுவில் உள்ள காற்று முழுவதையும் கடந்தாக வேண்டும். பாதி வழியில் விழுங்கப்படுகிறது. அருகில் நம்மை நோக்கி வரும் பாதியின் கதிருக்கு அந்தத் தொல்லை குறைவு. எனவே எவ்வளவு சாய்கிறது என்று அளந்தால் நடுவில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அதிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடை போகிறது என்றும். 2010இல் இப்படிப் போட்ட கணக்கு, சூரிய எடையில் பத்து லட்சத்தில் 3.5 பங்கு என்று வந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன பூமி எடை இதுதான். முன்பு வேறு முறைகளில் போட்டிருந்த கணக்கில் பாதிக்கும் கீழே இது. காற்று ஒரே சீராக இல்லாமல் கொத்துக் கொத்தாக இருந்ததால் பழைய முறைகள் ஏமாந்துவிட்டன.

அடுத்து என்ன பார்க்கலாம்

சிறு தொலைநோக்கி கிடைத்தால் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு நட்சத்திரங்களைப் பாருங்கள். அதில் பிரகாசமானது தீட்டா1 ஓரியானிஸ் சி. அதன் காந்தப்புலம் காற்றைப் பிடித்து இரு பக்கமிருந்தும் நடுவில் மோதவிடுகிறது, அதனால் எக்ஸ் கதிர் இன்னும் கடுமை.

காமா வேலோரத்தில் இரண்டு நட்சத்திரக் காற்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. இதையே பெரிய அளவில் செய்வது ஈட்டா கரினே. 1843இல் சிரியஸுக்கு அடுத்த பிரகாசத்தை எட்டி, பிறகு மங்கிப்போன நட்சத்திரம். அதில் இரண்டு நட்சத்திரங்கள் 5.54 ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கி வருகின்றன. அந்தச் சமயத்தில் எக்ஸ் கதிர் சடாரென்று விழுந்துவிடும். காற்று மோதும் இடத்தில் துகள்கள் முடுக்கப்படுவதால் காமா கதிரும் வருகிறது, ஃபெர்மி செயற்கைக்கோள் அதைப் பிடித்திருக்கிறது. ஏற்காட்டில் அது 19 டிகிரிக்கு மேல் எழும்பாது. ஏப்ரல் நடுவில் இரவு எட்டரை மணிக்கு, தென்கிழக்கு திறந்த மாடியில் பைனாகுலரோடு நில்லுங்கள், கோடை விழாக் கூட்டம் மலையேறும் முன்பே வேலை முடிந்துவிடும். 2025 ஆகஸ்டில் அவை நெருங்கின, அடுத்தது 2031 தொடக்கத்தில்.

இந்தியத் தரவு வேண்டும் என்றால் 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட் இருக்கிறது. புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் செயற்கைக்கோள் அது. இஸ்ரோவின் தரவுத் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் பொதுவில் விட்ட கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் சந்திராவின் அந்த 15.01 கோட்டை ஒரு தாளில் வரைந்து, உச்சி எத்தனை ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருக்கிறது என்று உங்கள் கையால் அளந்து முடித்துவிடுங்கள்.